சரியான விடைக்குச் சுழியம்

மருத்துவமனைத் துணிக்கிடங்கில், போர்வை அடுக்குகளுக்கு நடுவே, கிடங்குக்காரி மடிக்கணினியின் முன் உட்கார்ந்திருக்கிறாள். ஜன்னல் கம்பிகளின் நிழல் திரையின் கட்டங்கள்மேல் இன்னொரு கட்டமாக விழுகிறது. இணையவழிக் கல்லூரியின் எக்ஸெல் பாடத்தில் பகல் பன்னிரண்டுக்குள் தேறாவிட்டால், மருத்துவமனையின் புது விதிப்படி, அவளுடைய நாற்காலி வேறொருத்திக்குப் போய்விடும். மணி பதினொன்று ஐம்பத்தாறு. ஒன்பது வார்டுகளின் போர்வைகளைக் கால்குலேட்டரில் இரண்டு தடவை கூட்டிப் பார்த்து, கடைசிக் கட்டத்தில் 418 என்று அடிக்கிறாள். திரை மறுபடியும் சிவக்கிறது. "என்னக்கா, இருபது வருஷமா தப்பாத கணக்கு பெட்டிக்குள்ள போனதும் தப்பிருச்சா?" என்று மூட்டை கட்டியபடியே சிரிக்கிறார் சலவைக்காரர். செல்பேசியில் மகள் கத்துகிறாள்: "விடையை நீ எழுதாதம்மா! கூட்டுற வேலைய அதுகிட்ட குடு. முதல்ல ஈக்குவல் போடு, அப்புறம் எந்தெந்தக் கட்டத்தைக் கூட்டணும்னு ஃபார்முலா." "நான் கூட்டினது சரிதானேடி?" "சரிதாம்மா. ஆனா நீ கூட்டினா அது மார்க் போடாது." கால்குலேட்டரைப் போர்வைக்கடியில் தள்ளிவிட்டு, வியர்த்த விரலால் சமக்குறியைத் தேடிப் பிடித்து அழுத்துகிறாள். "போட்டுட்டியா?" "போட்டுட்டேன்டி." மணி பதினொன்று ஐம்பத்தொன்பது. பழகிய விரல்கள், சமக்குறியை ஒட்டி, ஒவ்வொன்றாக நான்கு, ஒன்று, எட்டு என்று அழுத்துகின்றன.