இன்னொருக்காச் சொல்லுங்க மிஸ்

"மிஸ், எனக்கு விளங்கல்ல. தமிழில இன்னொருக்காச் சொல்லுங்க."

திரையில் கொழும்பு ஆசிரியை பாடத்தை நிறுத்தினார். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் பெருமூச்சு விட்டார்கள். கேட்டவர் சார்ள்ஸ். புதன்கிழமை தவறாமல் கேட்பவர் அவர்தான்.

வாவித் தண்ணீரின் உப்பளவைப் பதிந்து அறிக்கை தயாரிக்கும் நிறுவனம். புளியந்தீவில் ஒரு மேல்மாடியில் அலுவலகம். புதன் காலையில் எல்லாருக்கும் இணையவழி வகுப்பு, ஆங்கிலத்தில். புதிய மென்பொருள், புதிய வரைபடம், கிழமைக்கு ஏதோ ஒன்று புதிது.

ஆசிரியை தமிழில் திரும்பச் சொன்னார். பதினைந்து நிமிடம் கூடுதலாகப் போனது.

வகுப்பு முடிந்ததும் முகாமையாளர் விஜிதரன் எழுந்தார். அவர் கதிரைக்குப் பின்னால் பதினொரு சான்றிதழ்கள், எல்லாம் லெமினேற் செய்தவை.

"மிஸ்டர் சார்ள்ஸ், ஒவ்வொரு கிழமையும் உங்களால பதினஞ்சு நிமிசம் போகுது. இஞ்ச எட்டுப் பேர் இரிக்கம். ரெண்டு மணித்தியால வேலை வீண்."

"மன்னிச்சுக்கொள்ளுங்க சேர்."

"உங்கட ஒப்பந்தம் டிசம்பரோட முடியுது. நீடிக்கிற படிவத்தில 'கற்கும் வேகம்' எண்டு ஒரு கட்டம் இரிக்கு. நான் அதில என்னத்தப் போடுற?"

"ஆமை எண்டு போடுங்க சேர்" என்றான் மேசையின் மறுபக்கத்தில் இருந்த ரதீஸ்.

எல்லாரும் சிரித்தார்கள். சார்ள்ஸும் சிரித்தார்.

"பகிடி இல்ல. இனியும் கேட்டீங்க எண்டா அஞ்சுக்கு ஒண்டுதான். மூண்டுக்குக் குறைஞ்சா கொழும்புத் தலைமையகம் ஒப்பந்தத்த நீடிக்காது."

சார்ள்ஸுக்கு அறுபத்தொரு வயது. இன்னொரு வேலை கிடைக்கிற வயதில்லை.

மதியம் அவருடைய கைபேசி அடித்தது. மனைவி ஓட்றி. சாப்பாட்டுப் பெட்டியைச் சார்ள்ஸ் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். இரண்டு பேரும் ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் சண்டை பிடித்தார்கள். பக்கத்து மேசைத் தனுஷா அவ்வளவு வேகமான ஆங்கிலத்தைப் படத்தில்கூடக் கேட்டதில்லை.

தேற்றாத்தீவில் தமிழில் படித்து வந்த பிள்ளை அவள். வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்.

"அங்கிள், வகுப்பில உங்களுக்கு எல்லாம் விளங்குதுதானே? எனக்காகத்தானே கேக்கிறீங்க?"

"உனக்கும் உதவுதா மகள்? நல்லது."

"இனிக் கேக்காதீங்க. வேலை போயிடும். நான் வீட்ட போய்ப் பாத்துப் படிக்கிறன்."

"நானும் அப்பிடித்தான் யோசிக்கிறன். ஓட்றிக்குப் பதில் சொல்ல ஏலாது" என்றார் சார்ள்ஸ்.

அடுத்த புதன் அவர் கையை உயர்த்தவில்லை. அளவுகளிலிருந்து தானாக வரைபடம் எடுக்கும் முறை அன்றைய பாடம். ஆசிரியை ஆங்கிலத்தில் வேகமாகச் சொல்லிக்கொண்டே போனார். கடைசியில் விளங்கியதா என்று கேட்டார். எட்டுத் தலைகளும் ஆடின. முதலில் ஆடியது விஜிதரனின் தலை.

வகுப்பு நேரத்துக்கு முடிந்தது. ரதீஸ் கை தட்டினான்.

"பாத்தீங்களா? இதுதான் வினைத்திறன்" என்றார் விஜிதரன். "திங்கக்கிழமை கொழும்புப் பணிப்பாளர் வாறார். இந்த வரைபடத்த நானே அவருக்கு முன்னால எடுத்துக் காட்டப்போறன்."

வெள்ளி பின்னேரம் நாலரைக்கு அலுவலகம் வெறுமையானது. சார்ள்ஸும் தனுஷாவும் மட்டும் ஓர் அறிக்கையை முடித்துக்கொண்டிருந்தார்கள்.

விஜிதரன் தன் அறையிலிருந்து வந்தார். ஒரு கையில் சார்ள்ஸின் படிவம். கட்டம் இன்னும் நிரப்பப்படவில்லை. மற்றக் கையில் தன்னுடைய வகுப்புக் கொப்பி. அதில் புதன்கிழமைத் திகதி மட்டும் எழுதி, கீழே பக்கம் வெறுமையாக இருந்தது.

சார்ள்ஸ் ஒன்றும் கேட்காமல், தன் கணினிக்கு முன்னால் இன்னொரு கதிரையை இழுத்துப் போட்டார்.

விஜிதரன் உட்காரவில்லை. தனுஷாவைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"சார்ள்ஸ் அண்ணன், மிஸ்ஸ இப்ப லைன்ல எடுக்கிறன். உங்களுக்கு விளங்கல்ல எண்டு ஒருக்காச் சொல்லுவீங்களா?"