குட்டைச்சுவர்க் கள்ளி

“பதினஞ்சு நாளைக்கு ஒருக்க ஊத்துனாப் போதும்னு எத்தன தடவ சொன்னேன் அத்தே? தினமும் ஊத்தி வேரை அழுக வச்சிட்டீக.”

“குலசாமி சத்தியமா நான் அதத் தொடல.”

காட்டில் சும்மா முளைக்கும் கள்ளிகளைத் தொட்டிகளோடு விலைக்கு வாங்கி, என் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் பொதுவான குட்டைச்சுவர் ஓரம் வைத்திருந்தாள் பக்கத்து வீட்டு மருமகள் தீபலட்சுமி. தண்ணீர்ப் பஞ்சத்துக்குப் பேர்போன எங்கள் அருப்புக்கோட்டையில் தண்ணீர் கூடிப்போய்ச் செத்த செடிகளை அங்கேதான் பார்த்தேன்.

“பொய்ச்சத்தியம் பண்றவுகளோட இனி என்னால இருக்க முடியாது.”

மறுவாரமே புருஷனோடு மதுரைக்குக் குடிபோனாள். மாமியார் சௌந்தரம் ஒற்றை ஆளுக்கு உலை வைக்கிறார்.

நானும் வாயைத் திறக்கவில்லை. அரிசி கழுவிய தண்ணீரை வீணாகக் கொட்ட எனக்கு மனசு வராது. அவர்கள் பேச்சைக் கேட்கச் சுவரோரம் நின்றபோதெல்லாம் அந்தத் தொட்டிகளில்தான் ஊற்றினேன்.

இப்போது அங்கே பேச்சே இல்லை. தண்ணீர் என் முருங்கைக்குப் போகிறது.