வெளுக்கப் போன அங்கிகள்

"புரொபசர், போயும் போயும் அந்த ஃபோஸ்கோவுக்கா வாதாடப் போறீங்க?"

கேட்டது நான்தான். கோர்ட்டுக்கு எதிரே காப்பிக்கடை நடத்துறவளுக்கு இந்த வம்பு எதுக்குன்னு நினைக்காதீங்க. ஊரே கேக்கத் துடிச்ச கேள்வி. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கேட்டுட்டேன்.

சட்ட புரொபசரும் வக்கீலுமான எவாரிஸ்தோ பெல்ட்ராமி பார்லி காப்பியை ஒரு வாய் குடிச்சார்.

"ஆமா ஆர்ஜா. இதுல சர்க்கரையே இல்லையே?"

"போருக்குப் போன சர்க்கரை இன்னும் வீடு திரும்பல. பேச்சை மாத்தாதீங்க."

வயிறு எரியாதா எனக்கு? இதே என் கடை வாசல்லதான், ஃபாசிஸ்ட் ஆட்சி நடந்தப்போ ஃபோஸ்கோ அந்தக் கட்சியோட கருஞ்சட்டைக் கும்பலோட வந்து இவரை மண்டி போட வெச்சான். ஒரு புட்டி விளக்கெண்ணெயை வாயில ஊத்தினான். இவர் செஞ்ச குற்றம் என்ன? மாட்டியோன்னு ஒரு அச்சுத் தொழிலாளி மேல பொய்க் கேஸ் போட்டாங்க. அவனுக்காக வாதாட வந்தார். அவ்வளவுதான்.

மனுஷன் அசரல. வயித்தைப் பிடிச்சுக்கிட்டே மறுநாள் கோர்ட்டுக்குப் போனார். போனா, வக்கீல்கள் அறையில ஒரு அங்கிகூட இல்லை.

எங்க ஊர் வக்கீல்கள் அங்கியை அந்த அறை ஆணியிலதான் மாட்டி வைப்பாங்க. யாரோட அங்கியையும் யார் வேணா எடுத்துப் போட்டுக்கலாம். அங்கி இல்லாத வக்கீலை நீதிபதி வாயே திறக்க விடமாட்டார். அன்னிக்கும் விடல. தனக்காகப் பேச ஒரு ஆள் இல்லாமலே மாட்டியோ ஜெயிலுக்குப் போனான். இருமி இருமி அங்கேயே செத்தான். புரொபசர் உயிருக்குப் பயந்து எல்லை தாண்டினார். போர் முடிஞ்சு அந்த ஆட்சி கவுந்தப்புறம்தான் திரும்பி வந்தார்.

அங்கிகளைத் தூக்கினது ஃபோஸ்கோதான்னு ஊருக்கே தெரியும். இப்ப அவன் ஆட்டம் முடிஞ்சு கூண்டுல நிக்கிறான். அங்கிகளைத் தூக்கி, மாட்டியோவுக்கு வக்கீல் இல்லாமப் பண்ணி சாகடிச்சான்னு அதைத்தான் பெரிய குற்றமா எழுதியிருக்காங்க. நிரூபணமானா சுட்டுடுவாங்க. சுடட்டுமே!

"ஜெயில்ல அவனைப் பார்த்தேன்"னார் புரொபசர். "எண்ணெய் ஊத்தினேன், ஆளுங்களை அடிச்சேன், ஆனா அங்கியை நான் தொடலைங்கிறான்."

"திருடன் என்னிக்கு ஆமான்னு சொல்லியிருக்கான்?"

அவர் பதில் சொல்றதுக்குள்ள சில்வேரியோ உள்ள நுழைஞ்சான். ஒரு காலத்துல இவர்கிட்ட சட்டம் படிச்சவன். வக்கீல் சங்கத் தலைவர் அப்பவும் அவன்தான், இப்பவும் அவன்தான். கழுத்துல மட்டும் புதுசா, ஃபாசிஸ்டுகளை எதிர்த்துச் சண்டை போட்டவங்க கட்டுற சிவப்புத் துணி.

"புரொபசர், அடுத்த வாரம் புது அரசாங்கத்தோட தூதரா பிரஸ்ஸல்ஸ் போகணும் நீங்க. அந்தப் பாவிக்காக வாதாடினா பதவி போயிடும். ரோமுக்குத் தந்தி அடிக்க ஆள் தயாரா நிக்கிறான்."

"அடிக்கச் சொல்லு. தந்தி ஆபீஸ்காரனும் பிழைக்கணுமில்ல?"

"மாட்டியோவை மறந்துட்டீங்களா?"

"அவனுக்காகத்தான் வந்திருக்கேன்"னு எழுந்தார். பெட்டியைத் தூக்கிக்கிட்டு சதுக்கத்துல இறங்கினார்.

"துரோகி! விளக்கெண்ணெய் ருசி பிடிச்சுப் போச்சாடா கிழவா?"ன்னு கூட்டம் கத்துச்சு. ஒருத்தன் காறித் துப்பினான். பொய் சொல்லக் கூடாது, எனக்குக்கூட அப்போ பாவமா இல்லை. மனுஷன் தலையைக்கூடக் குனியல.

வழக்கமான காப்பித் தட்டோட நான் வக்கீல்கள் அறைக்குப் போனப்போ, ஆணியெல்லாம் மொட்டையா இருந்துச்சு. ஒரு அங்கிகூட இல்லை.

சில்வேரியோ கையை விரிச்சான். "அடடா, எல்லாம் வெளுக்கப் போயிருக்கு புரொபசர். அங்கி இல்லாம எப்படி? நீங்க வீட்டுக்குப் போங்க."

எனக்கே உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம். நல்லா வேணும்னு நினைச்சேன்.

புரொபசர் அந்த ஆணிகளையே பார்த்தார். அப்புறம் மெதுவா கேட்டார்.

"அன்னிக்கும் வெளுக்கப் போயிருக்குன்னுதான் சொன்னே. கையைக்கூட இப்படித்தான் விரிச்சே. இந்த அறைச் சாவி அப்ப யார்கிட்ட இருந்தது, சில்வேரியோ?"

நான் தட்டை மேசையில வெச்சேன். சங்கத் தலைவர்கிட்டதான் சாவி இருக்கும். வேற யார்கிட்ட?

சில்வேரியோ முகம் சுண்ணாம்பாப் போச்சு. கழுத்துத் துணியைப் பிடிச்சு இழுத்துக்கிட்டான்.

"அது... அப்ப பயம், புரொபசர். எனக்கும் பிள்ளைகுட்டி இருந்துச்சு..."

"மாட்டியோவுக்கும் இருந்துச்சு."

அவர் பெட்டியைத் திறந்தார். உள்ள ஒரு பழைய அங்கி. பூச்சி அரிச்சு, ஓரமெல்லாம் நைஞ்சு போயிருந்தது.

"அன்னிக்குப் பட்டது போதும்னு எல்லை தாண்டின கையோட சொந்தமா ஒண்ணு தைச்சுக்கிட்டேன். பாரிஸ்ல பாத்திரம் தேய்ச்சு வயித்தைக் கழுவினப்போகூட இதை விக்கல."

சில்வேரியோ ரெண்டு கையையும் கூப்பினான். "கோர்ட்ல சொல்லிடாதீங்க. ஊர் என்னைக் கிழிச்சுடும்."

"சொல்லாம விடமாட்டேன். ஃபோஸ்கோ செஞ்சதுக்கு அவன் தண்டனை வாங்கட்டும். நீ செஞ்சதுக்கு அவன் எதுக்குச் சாகணும்?"

"என்னை மன்னிக்கவே மாட்டீங்களா?"

"மாட்டியோ இருந்தா அவன்கிட்ட கேட்டிருக்கலாம்."

அங்கியை மாட்டிக்கிட்டு வாசல் வரைக்கும் போனவர், நின்னு திரும்பினார்.

"நாளைக்கு ஃபோஸ்கோ நிக்கிற அதே கூண்டுல நீ நிப்பே சில்வேரியோ. ஒரு வக்கீலும் உன் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டான். கூச்சப்படாம எனக்குச் சொல்லி அனுப்பு. உனக்காகவும் இதே அங்கியைப் போட்டுக்கிட்டு வந்து நிப்பேன்."