கடைசி பார்க்கிங்

"காரைத் தொட்டா கை இருக்காது, சொல்லிட்டேன்!"

வீபே கிழவர் போட்ட சத்தத்தில் கால்வாயில் மிதந்துகொண்டிருந்த வாத்துகள் கூட விலகிப் போயின. துடைக்கிற துணியோடு தன் பச்சைக் காரின் முன்னால் நின்றிருந்தார். ஐம்பது வயதுக் கார், புதுமாப்பிள்ளை மாதிரி பளபளத்தது.

தொட்டது எதிர் கீழ்வீட்டு மார்லூஸ். காபிக் கோப்பையை வைக்க இடமில்லாமல் காரின் கூரைமேல் வைத்துவிட்டாள். அதற்குத்தான் இவ்வளவு ஆர்ப்பாட்டம்.

அன்று காலை தெருவே வெளியில் இருந்தது. மடக்கு மேசை போட்டு, காபி ஊற்றி, ஆளுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்து டப்பாவை மூடியாயிற்று. ஹாலந்தில் இதற்குப் பெயர்தான் விருந்து.

விஷயம் இதுதான். ஊரில் கார்ப்புகை குறைய வேண்டும், மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்க வேண்டும் என்று நகரசபை கிளம்பியிருந்தது. கால்வாய் ஓரம் கார்கள் நிற்கும் கல்தரையைப் பெயர்த்துவிட்டு மரம் வைப்பார்கள். ஆனால் அந்தத் தெருவில் பார்க்கிங் பெர்மிட் வைத்திருப்பவர்கள் அத்தனை பேரும் அதைத் திருப்பிக் கொடுத்தால்தான் வேலை நடக்கும். எல்லோரும் கொடுத்துவிட்டார்கள், வீபேயைத் தவிர. இன்றுதான் கடைசி நாள்.

"பெரியவரே, ஒவ்வொரு பெருமழைக்கும் என் வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி" என்றாள் மார்லூஸ். "பிள்ளைங்க மெத்தையை ரெண்டு தடவை தூக்கிப் போட்டாச்சு. இன்னொரு தடவை உள்ள வந்தா நாங்க வீட்டைக் காலி பண்ண வேண்டியதுதான். ஒரு ஓட்டை டப்பாவுக்காக இப்படி அடம் பிடிக்கறீங்களே!"

"எது ஓட்டை? உன் சைக்கிளைப் பாரு முதல்ல. ரெண்டு தெரு தள்ளி வரும்போதே சத்தம் கேக்குது."

"நீங்களும் சைக்கிள்தானே! ரொட்டி வாங்கப் போறதுக்குக்கூட இந்தக் காரை எடுத்து நான் பார்த்ததில்ல."

"என் கார். எடுப்பேன், எடுக்காம இருப்பேன். நீ யாரு கேக்க?"

நகரசபையிலிருந்து வந்திருந்த இல்ஸே இடையில் புகுந்தாள். சின்னப் பெண். காலையிலிருந்து கெஞ்சிக் கெஞ்சித் தொண்டை கட்டியிருந்தது.

"சார், ஒரு வருஷம் டிராம்ல இலவசமாப் போகலாம். ஊருக்கு வெளியே பார்க்கிங் இடம் பாதி வாடகைக்குத் தர்றோம்."

"வேணாம். எனக்குக் கால் இருக்கு."

"உலகமே சூடாகிட்டிருக்கு சார்."

"எனக்கும்தான் சூடாகுது. போயிடு."

மார்லூஸுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. "இந்த ஒரு மனுஷனால தெருவே நாசமாப் போகப்போகுது. உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா, இல்லையா?" என்று கத்தியே விட்டாள்.

கிழவர் அவளைப் பார்த்தார். துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இல்ஸேயிடம் திரும்பினார்.

"நான் பெர்மிட்டைக் குடுத்தா அது யார் கைக்குப் போகும்? அதை மட்டும் சொல்லு."

"இதுவரைக்கும்னா, பெர்மிட்டுக்குக் காத்திருக்கற வரிசையில அடுத்த ஆளுக்குப் போயிருக்கும் சார். வருஷக்கணக்கா நிக்கறாங்க."

"அதெல்லாம் தெரியும். இப்ப?"

"நேத்து சாயங்காலம்தான் சபையில விதியை மாத்தினாங்க. திருப்பிக் குடுத்த பெர்மிட் அதோட செத்துப்போச்சு. யாருக்கும் கிடைக்காது."

"மரம் வைக்கற வேலை பாதியில நின்னு போச்சுன்னா?"

"நின்னாலும் கிடைக்காது."

"உரக்கச் சொல்லு. எல்லாருக்கும் கேக்கட்டும்."

பாவம், கட்டின தொண்டையோடு இல்ஸே மறுபடியும் கத்திச் சொன்னாள்.

மார்லூஸ் தலையில் அடித்துக்கொண்டாள். "தனக்கு இல்லாதது அடுத்தவனுக்கும் கிடைக்கக் கூடாதாம்! என்ன ஜென்மமோ!"

"சரி, எழுதிக்கோ" என்றார் வீபே. "குடுத்துட்டேன்."

இல்ஸேயால் நம்பவே முடியவில்லை. மனிதர் மனம் மாறுவதற்குள் அவசர அவசரமாகக் கையிலிருந்த கருவியில் தட்டினாள். தெருவில் யாரோ கைதட்ட, எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். மூடின பிஸ்கட் டப்பா ரெண்டாம் முறை திறந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"ரொம்ப நன்றி சார்! நாளைக்குக் காலையில தரையைப் பெயர்க்க ஆள் வந்துடும். அதுக்குள்ள காரை ஓட்டிட்டுப் போயிடுங்க."

கிழவர் சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.

"ஆளை விட்டு நீயே இழுத்துட்டுப் போ. எனக்கு வேண்டாம்."

"இப்பத்தானே தொட்டா கையை ஒடிப்பேன்னீங்க?" என்றாள் மார்லூஸ், வாயைப் பிளந்துகொண்டு.

"பின்ன? அதைப் பாழாப் போட்டிருந்தா பழைய இரும்புன்னு தூக்கிட்டுப் போய், என் பெர்மிட்டை வரிசையில நிக்கறவனுக்குக் குடுத்திருப்பாங்க. அவன் காரும் புகையும் இந்தத் தெருவுக்குள்ள வந்துடக் கூடாதுன்னுதான் இத்தனை வருஷமா இதை நிறுத்தி வெச்சிருந்தேன்." வீபே சைக்கிளில் ஏறி உட்கார்ந்தார். "எனக்குக் கார் ஓட்டவே தெரியாது."