மச்சினன் பொடி

"பரவாயில்லையே சார், குடியை அடியோட விட்டுட்டீங்க போல!" என்றார் டாக்டர் யூனிஸ், ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தபடி.

சாம்பசிவன் அடக்கமாகத் தலையாட்டினார். பிராந்தி கறுப்பா சிவப்பா என்றுகூட அந்த மனிதருக்குத் தெரியாது.

போன தடவை இதே நாற்காலியில் உட்கார்ந்தபோது அவர் கண் இருந்த மஞ்சளுக்கு, கரண்ட் போன ராத்திரியில் மேற்குத் தாம்பரமே அந்த வெளிச்சத்தில் பேப்பர் படித்திருக்கலாம். ஈரல் கெட்டிருக்கிறது, என்னதான் சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் குடைந்தார்.

சாப்பிட்டது ஒன்றே ஒன்றுதான். முட்டி வலிக்கு மச்சினன் கேசவன் இடித்துக் கொடுத்த பச்சிலைப் பொடி.

அதை எப்படிச் சொல்வது? பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி குஜம்மா, கேசவனின் கூடப்பிறந்த தங்கை. அண்ணாவின் பொடியைக் குறை சொன்னால் அடுத்த தீபாவளி வரை காபிக்குப் பதில் வெந்நீர்தான்.

தவிர, அது என்ன லேசுப்பட்ட பொடியா? மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறிய மனிதர், இப்போது தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தைத் தாண்டுகிற வேகத்தில் பீச் போகிற மின்சார ரயிலே வெட்கப்பட்டு லேட்டாகக் கிளம்பியது.

ஆகவே, "தினம் பிராந்தி, டாக்டர்" என்று சொல்லிவிட்டார்.

குஜம்மா சுவரில் தொங்கிய 1988 காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்றைக்கு மஞ்சள் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. பொடியையோ அவர் ஒரு வேளைகூட விடவில்லை. பிழைத்தால் முட்டியோடு பிழைக்க வேண்டும் என்று, ஒரு ஸ்பூனை இரண்டு ஸ்பூனாக்கியிருந்தார்.

அப்படியானால் ஈரலைக் கெடுத்தது பொடி இல்லை. காப்பாற்றியதே பொடிதான்!

சாம்பசிவனுக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை.

"டாக்டர், நான் குடிகாரனே இல்லை. எல்லாம் என் மச்சினன் இடிச்ச பச்சிலைப் பொடி! இனிமே வேளைக்கு மூணு ஸ்பூன் போடப்போறேன். நீங்களும் ஒரு டப்பா வாங்கி வெச்சுக்கோங்கோ."

டாக்டரின் சிரிப்பு அப்படியே நின்றது.

"விளையாடாதீங்க சார். பச்சிலையும் ஈரலைத் தின்னும். இந்த நிமிஷமே நிறுத்துங்க."

"நிறுத்திட்டா என் முட்டி?"

"அதெல்லாம் நின்னு ரெண்டு வாரமாச்சு," என்றாள் குஜம்மா. "நீங்க பிராந்தின்னு அளந்தேளே, அன்னிக்குச் சாயங்காலமே பொடியைக் கொட்டிட்டேன். டப்பாவுல இருக்கிறது கேழ்வரகு மாவும் கறிவேப்பிலையும்."

சாம்பசிவன் குனிந்து தன் முட்டியைப் பார்த்தார். மடக்கினார். நீட்டினார். வலிக்கவில்லை. சற்று அவமானமாகவும் இருந்தது.

டாக்டர் குஜம்மா பக்கம் திரும்பினார். "உங்க அண்ணா வேற யாருக்கும் இதைக் கொடுக்கிறாரா?"

"பல்லாவரத்துலேர்ந்து வண்டலூர் வரைக்கும், முட்டி இருக்கிற அத்தனை பேருக்கும்," என்றார் சாம்பசிவன், ஈனஸ்வரத்தில்.

டாக்டர் பதறி எழுந்தார்.

குஜம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

"உட்காருங்கோ டாக்டர். அண்ணாவுக்கும்தான் கண்ணு மஞ்சள். அவா ஆத்துல பொடி வெச்சிருக்கிற அண்டாவை, மன்னியும் நானுமா அன்னிக்கே கேழ்வரகா மாத்திட்டோம்."