காலி என்று காட்டிய வீடு

வரைபடத்தில் 212-ஆம் வீட்டின் மேல் ‘காலி’ என்று இருந்தது.

அந்த வீட்டு வாசலிலிருந்துதான் போனில் ஒரு பெண்ணின் கூச்சல் கேட்டது.

“சார், உள்ள ஆள் கீறாங்க சார்,” என்றார் ஏழுமலை. கால்வாய்க் கரை வீடுகளை இடிக்கும் வண்டியோடு நிற்பவர். “சுகுணான்னு ஒரு பொண்ணு. அது வூட்டுக்காரு கால் ஒடிஞ்சு கட்டில்ல படுத்துகீறாரு. மேப்புல காலின்னு கீது. இன்னா பண்றது?”

மாநகராட்சி அலுவலகத்தில் அவன் கணினித் திரையைப் பார்த்தான்.

அந்தச் சொல்லை யாரும் அடிக்கவில்லை. முன்பெல்லாம் நானூறு வீட்டுக்கும் ஒவ்வொன்றாக அடிக்க வேண்டும். போன வாரம் அவன்தான் வழி கண்டுபிடித்தான். கரையைக் காலி செய்வதற்காகத் தரும் மாற்று வீட்டின் சாவியை வாங்கியவர்களின் பட்டியலை வரைபடத்தோடு இணைத்தான். பட்டியலில் ரேஷன் கார்டு எண்ணை ஏற்றினால் போதும், வரைபடத்தில் அந்தக் கார்டுக்குரிய வீட்டின் மேல் ‘காலி’ தானாக வந்து உட்காரும். ஆணையர் முன்னால் பொறியாளர் குணசீலன் அவன் முதுகில் தட்டிக் கொடுத்தார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் இரண்டு முறை சொன்னான்.

212-இன் கார்டு எண்ணைப் போட்டுத் தேடினான்.

இரண்டு வீடுகள் வந்தன. 211, 212.

அண்ணனுக்கு ஒன்று, சுகுணாவின் கணவனான தம்பிக்கு ஒன்று. கல்யாணமானதும் தம்பி பக்கத்து வீட்டுக்குத் தனிக்குடித்தனம் போய்விட்டான். தனிக் கார்டுக்கு எழுதிக் கொடுத்து நான்கு வருடமாகியும் வரவில்லை. அண்ணன் சாவி வாங்கியதும் தம்பி வீடும் சேர்ந்து காலியாகிவிட்டது.

சுகுணாவுக்குச் சாவி இல்லை. போக இடமும் இல்லை.

“சார், தப்பு நம்ம மேல,” என்று குணசீலனிடம் சொன்னான்.

குணசீலன் கடிகாரத்தைப் பார்த்தார். பதினோரு மணிக்கு ஆணையர் மேஜையில் வரைபடம் இருக்க வேண்டும். போனை வாங்கினார். குரலை உயர்த்தவில்லை. தங்கமான மனிதர்.

“ஏழுமலை, கட்டிலோட தூக்கி வெளிய வெச்சுடுங்க. மேப் சரியாயிடும்.”

கொஞ்ச நேரத்தில் ஏழுமலை எடுத்த போட்டோ போனில் வந்தது.

சாலையோரம் கட்டில். அதில் ஒருவன் முழங்கையால் கண்ணை மறைத்துப் படுத்திருந்தான். சுகுணா வெயிலுக்கு ஒரு முறத்தை அவன் தலைக்கு மேல் பிடித்திருந்தாள்.

வரைபடத்தில் இப்போது பிழை இல்லை.

 அவனுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்து வெட்கப்பட்டான். ஆனாலும் அது போகவில்லை.

ஒரு கார்டில் இரண்டு வீடு எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடினான்.

இன்னும் பதினேழு.

போன் அடித்தது. 230-ஆம் வீட்டிலும் ஆட்கள் இருக்கிறார்களாம்.

குணசீலன் கையை நீட்டினார்.

அவன் போனைக் கொடுக்கவில்லை. குணசீலன் சொன்ன அதே பதிலை அவனே சொன்னான்.