உள்ளே இருந்த எவரும்

நாற்பத்தோரு பேர் கையெழுத்துப் போடத் தயார். பெர்லிட்டா ஒருத்திதான் முரண்டு பிடித்தாள்.

"அந்த வரியை மாத்துங்க சார். இல்லேன்னா என் கையெழுத்து கிடையாது."

தொழிலாளர் அலுவலகக் கூடத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ரொடேலுக்குத் தலைக்கு மேல் கோபம் ஏறியது. கத்தலாம் என்றால் மூச்சு ஒத்துழைக்கவில்லை.

பிலிப்பைன்ஸின் ஜெனரல் சாண்டோஸ் துறைமுகத்தை ஒட்டிய மீன் ஆலையில் அம்மோனியாக் குழாய் வெடித்து மூன்று மாதம் ஆகிறது. காலை ஷிஃப்டில் இருந்தவர்கள் எல்லோரும் அந்தப் புகையைக் குடித்தவர்கள். மீன் பெட்டிகளைத் தோளில் சுமந்த ரொடேல், இப்போது நாலு படி ஏறினால் நின்றுவிடுகிறான்.

கம்பெனி ஒருவழியாக இறங்கி வந்திருந்தது. உரிமைகோரல் உள்ள ஒவ்வொருவருக்கும் ஆறு மாதச் சம்பளம், குணமாகும்வரை வைத்தியம். பதிலுக்கு, இனி யாரும் கோர்ட்டுப் பக்கம் போகக்கூடாது. எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் மறுத்தாலும் ஒருவருக்கும் கிடையாது.

"எந்த வரிம்மா உனக்கு உறுத்துது?" என்றார் கம்பெனி வக்கீல் பந்தோஹா.

"ரெண்டாவது பக்கம். மறுபடி படிங்க."

அவர் சலிப்போடு படித்தார். "'உரிமைகோரல்' என்பது, விபத்து நாளன்று வருகைப் பதிவேட்டில் பெயர் உள்ள தொழிலாளர், வாயுக் கசிவால் தமக்கு நேர்ந்த பாதிப்புக்காகக் கேட்கும் எதையும் குறிக்கும்."

"'பதிவேட்டில் பெயர் உள்ள'ன்னு இருக்கக்கூடாது. 'ஆலைக்குள் இருந்த எவரும்'னு இருக்கணும்."

பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். "வக்கீலம்மா வந்துட்டாங்கப்பா! மீன் குடல் எடுக்கறவ சட்டம் பேசறா."

"குடல் எடுக்கறவளுக்குத்தான் உள்ள என்ன இருக்குன்னு தெரியும். நீ சும்மா இரு" என்றாள் பெர்லிட்டா, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

ரொடேல் எழுந்து அவளிடம் போனான்.

"அக்கா, ரெண்டும் ஒண்ணுதானே? பதிவேட்டுல இருக்கறவங்கதான் உள்ள இருந்தாங்க. எதுக்கு இந்த வீம்பு?"

"ஒண்ணுதான்னா மாத்தறதுல அவங்களுக்கு என்னடா நஷ்டம்?"

"உனக்கென்னக்கா, ஒரு இருமல்கூட இல்ல. கல்லுக்குண்டு மாதிரி இருக்க. நாங்க ராத்திரி படுத்துத் தூங்கி எத்தன நாளாச்சு தெரியுமா? உன் ஒருத்தி திமிருக்கு நாங்க எல்லாரும் சாகணுமா?"

பெர்லிட்டாவின் முகம் ஒரு கணம் கறுத்தது. ஆனால் குரல் இறங்கவில்லை.

"திமிருன்னே வச்சுக்கோ. மாத்தாம போடமாட்டேன்."

ஆலை மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். மதியம் வெளிநாட்டு வியாபாரிகள் வருகிறார்கள். வழக்கு முடிந்தது என்று அவர்களிடம் காகிதத்தைக் காட்டியாக வேண்டும்.

"மாத்தித் தொலைங்க வக்கீல் சார்."

"கொஞ்சம் யோசிச்சு..."

"பதிவேட்டுல இல்லாதவன் எவன் சார் என் ஆலைக்குள்ள வந்துடுவான்? ஈ கூட வருகை அட்டையைக் காட்டாம நுழையாது. மாத்துங்க."

புதிய பக்கம் அச்சாகி வந்தது. பெர்லிட்டா அதை எழுத்துக்கூட்டி, விரலால் தொட்டுத் தொட்டு இரண்டு முறை படித்தாள்.

"முதல்ல கம்பெனி போடட்டும்."

மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாப் பக்கங்களிலும் கையெழுத்துப் போட்டார். தொழிலாளர் அதிகாரி முத்திரை குத்தினார்.

பிறகு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். ரொடேல் போட்டான். கடைசியாக, "பெர்லிட்டா ஓகாம்போ."

அவள் மேஜைக்குப் போனாள். பேனாவை எடுக்கவில்லை.

"நான் போடக்கூடாது சார்."

கூடமே கொதித்தது. "இவளுக்குப் பைத்தியமா?" என்று ரொடேல் கத்த, இருமல் அவனை மடக்கி உட்கார வைத்தது.

"நீங்க எழுதின வரியில நான் வரல" என்றாள் அவள். "அன்னைக்கு நான் ஆலைக்குள்ளயே இல்ல."

வக்கீல் பேனாவை மூடினார். "பதிவேட்டுல உன் பேர் இருக்கு. உன் அட்டை உள்ள போயிருக்கு."

"அட்டை போச்சு. நான் போகல. என் மகனுக்குப் பள்ளிக்கூடத்துல பரிசு கொடுத்தாங்க, அங்க இருந்தேன். லீவு கேட்டேன், தரல."

அவள் வாசல் பக்கம் திரும்பி, "மைலின், உள்ள வா" என்றாள்.

ஒரு பெண் தன் கணவன் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். மூக்கில் குழாய். கணவன் கையில் ஆக்சிஜன் உருளை. நாலடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினாள்.

"யாரு இது?" என்றார் மேனேஜர்.

"பக்கத்து வீட்டுக்காரி. கூலிக்கு ஆள் அனுப்பற ஏஜென்சியில பேர் கொடுத்துட்டு வேலையில்லாம இருந்தா. என் அட்டையைக் கொடுத்து, ஒரு நாள் எனக்காக நில்லுன்னேன், நின்னா."

"இவ உள்ள இருந்தாங்கறதுக்குச் சாட்சி?"

குடல் எடுக்கும் மேஜையைச் சேர்ந்த எட்டுப் பெண்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். "எங்க பக்கத்துலதான் நின்னா" என்றாள் மூத்தவள். "மயங்கினதும் வெளிய இழுத்துப் போட்டது நாங்கதான்."

மேனேஜர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல், மேனேஜர் கையெழுத்தும் முத்திரையும் விழுந்துவிட்ட அந்த இரண்டாவது பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏமாத்திட்டியா?" மேனேஜர் மேஜையில் அடித்தார். "அட்டையை மாத்திக் கொடுத்ததுக்கு இந்த நிமிஷமே உன் வேலை போச்சு. உனக்கு ஒரு பெசோ கிடையாது!"

ரொடேல் எழுந்தான். தன் நாற்காலியை இழுத்துவந்து மேஜைக்கு முன்னால் போட்டு, மைலினை அதில் உட்கார வைத்தான். அவனால் பெர்லிட்டாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பெர்லிட்டா பேனாவை எடுத்து மைலின் விரல்களுக்கிடையில் வைத்தாள்.

"வேலை போகும்னு தெரிஞ்சுதான் சார் வந்தேன். எனக்கு வரவேண்டிய புகையைக் குடிச்சவ இவ. எழுதுங்க இவ பேரை!"